ஏலியன் இனத்துக்கு உசுரு குடுக்குறது எப்படி: மலையகத்துல இருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கேம்பஸ் போன முதல் வாரம் ஹாஸ்டல்ல ஒரு அக்கா கேட்டாங்க, "நீ தலவாக்கலையா, அப்ப உங்க வீட்ல எல்லாரும் கொழுந்து பறிக்கிறவங்களா?" தலவாக்கலை இலங்கை மலையகத்துல இருக்கிற தேயிலைத் தோட்ட ஊரு. கெட்ட எண்ணத்துல கேக்கல. எங்க அப்பா தச்சு வேலை, சித்தப்பா கொழும்புல சாப்பாட்டுக் கடை, பெரியம்மா மக நர்ஸ். ஆனா அவங்க மனசுல ஒரே ஒரு போட்டோதான் இருந்துச்சு: கூடை, மூக்குத்தி, சிரிப்பு, பின்னாடி பச்சை மலை. அதே வருஷம் நான் என் முதல் சயன்ஸ் ஃபிக்ஷன் கதைய எழுதுனேன், அதுல ஒரு கிரகம் முழுக்க போர்வீரங்க, பொறந்ததுல இருந்து வாளோட திரியிற இனம். படிச்சுட்டு என் தங்கச்சி கேட்டா, "அந்த ஊர்ல சோறு ஆக்குறது யாரு? செத்தா குழி வெட்டுறது யாரு?" எனக்கு பதில் தெரியல. அந்த அக்கா மனசுல இருந்த போட்டோவும் நான் எழுதுன கிரகமும் ஒரே சாமான்தான்னு அன்னைக்கு நல்லா உறைச்சுது.

அதுக்கப்புறம் எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி கத்துக்கிட்டத இங்க வரிசையா வெக்கிறேன். தமிழ்ல ஏலியன் கதை எழுத நெனைக்கிறவங்களுக்கு, முக்கியமா நம்ம பக்கத்து புள்ளைங்களுக்கு. அடுத்தவங்க நம்மள ஒரே வரில எழுதி முடிச்சுட்டா எப்படி இருக்கும்னு நமக்கு நல்லாத் தெரியும், அந்த அறிவு எழுதுறதுக்கு பெரிய மூலதனம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: ஒரு இனம், ஒரு குணம்

ஸ்டார் ட்ரெக்ங்கிற அமெரிக்க டிவி தொடர்ல க்ளிங்கன் இனம் 1967ல வந்துச்சு. பனிப்போர் காலம், அமெரிக்காக்காரங்க சோவியத்த பாத்து பயந்த பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டுச்சு, அதான் க்ளிங்கன். அப்புறம் 1984 படத்துக்காக மார்க் ஓக்ரான்ட்ங்கிற மொழியியல் அறிஞர் அவங்களுக்கு இலக்கணத்தோட ஒரு மொழியே செஞ்சு குடுத்தார், மறுவருஷம் அகராதியும் வந்துச்சு. ஆனா எனக்கு முக்கியமா படுறது 2003ல வந்த ஒரு எபிசோட், அதுல ஒரு வயசான க்ளிங்கன் வக்கீல் வருவார், "எங்க அப்பா வாத்தியார், எங்க அம்மா உயிரியல் படிச்சவங்க, நாங்க எல்லாரும் போர்வீரங்க இல்ல"னு சொல்லுவார். அந்த ஒரு பேச்சுல அந்த இனத்துக்கு ஒரு பழைய காலமும், இழந்த ஒண்ணும், இப்ப நடக்குறத புடிக்காத ஒரு மனுசனும் கெடச்சிருச்சு. 36 வருஷம் கழிச்சு கெடச்சது. நம்ம முதல் அத்தியாயத்துலயே குடுத்துடலாம்.

அதே ஸ்டார் ட்ரெக்ல வர்ற ஃபெரெங்கி இனத்தோட கதை இன்னும் கசப்பு. 1987ல பேராசை புடிச்ச வியாபாரி இனமா கொண்டு வந்தாங்க, யூதர்களப் பத்தி ஐரோப்பால நூத்தாண்டு கணக்கா வரைஞ்ச கேலிப்படம்தான் இதுன்னு பல பேர் எழுதுனாங்க. ஒரு இனத்துக்கு ஒரே குணத்த குடுக்க உக்காந்தா, தெருவுல ஏற்கனவே கெடக்குற பழைய அவதூறுதான் முதல்ல கைக்கு வரும். எழுதுறவருக்கு கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியமே இல்ல, சோம்பல் போதும்.

படி 1: முதல்ல உங்க சொந்த ஆளுங்கள எழுதிப் பாருங்க

ஒரு கொப்பி எடுத்து பக்கத்த ரெண்டா பிரிங்க. இடது பக்கம் உங்க ஊர்க்காரங்கள பத்தி வெளியாளுங்க சொல்றது. வலது பக்கம் உங்க வீட்ல ஒரு ஆள் உண்மையிலயே செய்ற ஒரு காரியம், ஒண்ணே ஒண்ணு.

என் வலது பக்கத்துல எங்க அம்மாயி. மலைல நெரை பிடிச்சு நின்னதும் முதல் கைப்பிடி கொழுந்த கூடைக்குள்ள போடுறப்ப "பொலி, பொலி"னு சொல்லுவாங்க. சின்ன வயசுல அது ஏதோ தேயிலைக்கு உள்ள மந்திரம்னு நெனச்சேன். பொலிங்கிறது நெல்லுக் களத்துச் சொல்லு, போரடிச்சு குவிச்ச நெல்லு பெருகட்டும்னு சொல்ற வார்த்தை. எங்க அம்மாயி வாழ்நாள்ல ஒரு வயலும் வெச்சிருந்ததில்ல. அவங்களுக்கு முன்னாடி தலைமுறைங்க கடல் தாண்டி வந்தப்ப நெல்லு வரல, களம் வரல, அந்தச் சொல்லு மட்டும் வாயோட வந்து தேயிலைச் செடில ஒக்காந்துக்கிச்சு.

இது மாதிரி ஒரு காரியம் கெடச்சா உங்க ஏலியனுக்கும் ஒண்ணு வேணும்னு புரியும்: இப்ப செய்ற வேலைக்கு பொருந்தாத, ஆனா யாரும் விடாம வெச்சிருக்கிற ஒரு பழைய சொல்லோ சடங்கோ. அத கதைல விளக்காதீங்க. சொல்லிட்டு போயிருங்க.

படி 2: குணத்த எழுதாதீங்க, எடம், உடம்பு, வேலை இந்த வரிசைல போங்க

நான் இப்ப எழுதிட்டு இருக்கிற இனத்தையே உதாரணமா எடுக்குறேன். பேர் தெனகி. நிலா நமக்கு எப்பவும் ஒரே முகத்த காட்டுதுல்ல, அதே மாதிரி தன்னோட சூரியனுக்கு ஒரே முகத்த காட்டிட்டு இருக்கிற கிரகம். இது கற்பனை மட்டும் இல்ல, 2016ல கண்டுபிடிச்ச ப்ராக்ஸிமா பி, 4.2 ஒளியாண்டு தூரத்துல இருக்கு, பதினோரு நாளுக்கு கிட்ட ஒரு சுத்து முடிக்குது, அதுவும் இப்படித்தான் இருக்கணும்னு விஞ்ஞானிங்க நெனைக்கிறாங்க. ஒரு பாதி எப்பவும் வெயில், ஒரு பாதி எப்பவும் இருட்டு, நடுவுல அந்தி நேரமாவே நிக்கிற ஒரு பட்டை. தெனகிங்க அந்தப் பட்டைல இருக்காங்க.

சரி, அங்க தண்ணி எங்க? இருட்டுப் பக்கம் உறைஞ்சு கெடக்கு. அப்ப யாராவது உள்ள போய் ஐஸ் வெட்டி கொண்டு வரணும். இந்த எடத்துலதான் ஒரு இனம் பொறக்குது பாருங்க, "தெனகிகள் பொறுமைசாலிகள்"னு எழுதுறப்ப இல்ல. வெட்டப் போறவங்க யாரு, எத்தன பேர், யார் அனுப்புறா, வரலன்னா யாரு தேடுறா, வெட்டுனத அளக்குறது யாரு? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசுக்கு முன்னாடி நிக்கிற வரிசைய பாத்திருக்கீங்களா, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவுன்னு கிலோவ கழிக்கிறப்ப அந்த மொகங்கள்ல ஓடுறத? அந்த ஒரு நிமிஷத்த தெனகிங்க ஐஸ் தராசுக்கு முன்னாடி வெச்சா போதும், பத்து பக்க வரலாறு தேவையில்ல.

இன்னொரு கேள்வி ரொம்ப உதவும்: அவங்க உண்டாக்குற சாமான் அவங்களுக்கு கெடைக்குதா? நல்ல தேயிலை கப்பல் ஏறிப் போக, எங்க வீட்ல தேத்தண்ணிக்கு வந்தது டஸ்ட் தூள். தெனகிங்கள்ல வெட்டுறவங்க குடிக்கிறது ரம்பத்துல இருந்து உதிர்ற ஐஸ் தூள உருக்கி, அதுல ரம்பத்தோட துரு வாசம் இருக்கும், அவங்க புள்ளைங்களுக்கு சுத்தமான தண்ணி குடுத்தா ருசி இல்லனு துப்பிரும்.

படி 3: நேரத்த யாரு சொல்றா?

சூரியன் நகராத ஊர்ல விடியலும் இல்ல, பொழுது சாயுறதும் இல்ல. அப்ப வேலை எப்ப ஆரம்பிக்குது? அந்தக் காலத்துல தோட்டத்துல பெரட்டுக்கு, அதாவது காலைல வேலைக்கு ஆள் கூட்டுறதுக்கு, தப்பு மேளம் அடிப்பாங்க, லயத்துல, தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடுங்கள்ல, எல்லாரும் அந்தச் சத்தத்துக்கு எழும்பணும். இருட்டு இருந்தா என்ன, மழை பெஞ்சா என்ன, தப்பு அடிச்சா விடிஞ்சிருச்சு. நேரம் வானத்துல இருந்து வரல, ஒருத்தர் கையில இருந்து வந்துச்சு, அந்தக் கைக்கு உத்தரவு துரையோட பங்களாவுல இருந்து வந்துச்சு. தெனகிங்களுக்கும் அப்படி ஒரு "தட்டு" வெச்சேன், தட்டுறவங்க ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்து மேல மத்தவங்களுக்கு பயமும் உண்டு, தொட மாட்டேங்கிற ஒதுக்கலும் உண்டு. தப்பு அடிச்சவங்கள நம்ம ஆளுங்க எப்படி நடத்துனாங்கன்னு நமக்கு தெரியும், அத மறைக்காம எழுதணும்.

அர்சுலா லெ குவின் 1969ல எழுதுன நாவல்ல ஒரு பனிக் கிரகம் வரும், அங்க எப்பவும் நடக்குற வருஷம்தான் முதல் வருஷம், மத்த வருஷத்த எல்லாம் அதுல இருந்து முன்னாடி பின்னாடி எண்ணுவாங்க. ஒரே ஒரு பழக்கம், ஆனா அவங்க காலத்த எப்படி பாக்குறாங்கன்னு முழுசா தெரிஞ்சிரும்.

படி 4: மொழி. இங்க கொஞ்சம் நின்னு போங்க

பேர் வெக்கிறதுல இருந்து ஆரம்பிப்போம். நம்ம கதைகள்ல ஏலியன் பேருன்னா "க்ஸார்க்ஸ்", "ஸோல்டெக்ஸ்"னு கடைசில ஒரு க்ஸ் ஒட்டிருவோம், அது பேர் இல்ல, சத்தம். பேருக்கு பின்னாடி ஒரு விதி வேணும். தமிழ்ல ராமன இராமன்னு எழுதுனதுக்கு ஒரு விதி இருந்துச்சுல்ல, சொல்லு முதல்ல ர வராதுன்னு? அந்த மாதிரி. தெனகிங்களுக்கு உதடு இல்ல, அதுனால ப, ம, வ மூணும் வராது, உதட்ட குவிச்சு சொல்ற உ, ஒ வராது. அனெக்கி, கெனிட், சிறளி இதெல்லாம் அவங்க பேர். விதிய போட்டதுக்கு அப்புறம்தான் எனக்கே தட்டுப்பட்டுச்சு, அவங்களால "அம்மா"னு சொல்ல முடியாது. நம்ம ஆளு ஒருத்தி அங்க போய், ஒரு தெனகி குழந்தை அழுறத கேட்டுட்டு அதுல அம்மா இல்லாதத கவனிக்கிற எடம், அந்த கதைலயே எனக்கு ரொம்ப புடிச்ச எடம்.

இப்ப முக்கியமான விஷயம். இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கு: திணை. தொல்காப்பியம் மனுசங்கள உயர்திணைன்னும் மத்த எல்லாத்தையும் அஃறிணைன்னும் பிரிச்சிருச்சு. அப்ப ஏலியன் வந்தானா, வந்தாளா, வந்தாரா, வந்துச்சா? வினைச்சொல்ல முடிக்கிற எடத்துலயே நீங்க தீர்ப்பு சொல்லியாகணும், தப்பிக்க வழியே இல்ல. நெறய பேர் யோசிக்காம "அது வந்தது"ன்னு எழுதிட்டு போறாங்க, அங்கயே அந்த இனத்துக்கு பாதி உசுரு போயிருது.

இது இலக்கணப் பிரச்சினை மட்டும்னு நெனைக்காதீங்க. டவுன்ல ஒரு கடைல நானும் எங்க அம்மாவும் நின்னுட்டு இருக்கோம், முதலாளி பக்கத்துல இருக்கிறவர்கிட்ட எங்கள காட்டி "சம்பளம் போட்டாதான் இதுங்க வரும்"னு சொன்னார். இதுங்க. வரும். ரெண்டு சொல்லுல எங்கள திணை மாத்திட்டார். அம்மா ஒண்ணும் பேசல, எடுத்த சவர்க்காரத்த திரும்ப ராக்கைல வெச்சுட்டு என் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க.

அதுனால திணைய ஆயுதமா பயன்படுத்துங்க. என் கதைல மனுசப் பொண்ணு முதல் அத்தியாயத்துல தெனகிங்கள "அது"ன்னுதான் சொல்றா, நடுவுல ஒரு எடத்துல அவளுக்கே தெரியாம "அவங்க"ன்னு வந்துருது, நான் அத சுட்டிக் காட்டல. தெனகிங்களும் மனுசங்கள தங்களுக்குள்ள "அது"ன்னுதான் பேசிக்கிறாங்க. அதே மாதிரி நாம, நாங்க. கேக்குறவங்கள சேத்தா நாம, சேக்காட்டி நாங்க. ஒரு ஏலியன் மனுசங்ககிட்ட முதல் தடவையா "நாம"ன்னு சொல்ற வரிக்கு எவ்வளவு கனம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, தமிழ்ல எழுதுறவங்களுக்கு சும்மா கெடச்ச சொத்து இது.

ஒரு எச்சரிக்கை. ஏலியன் பேசுறத ஒடைஞ்ச தமிழ்லயோ ஏதாவது ஒரு ஊரு பேச்சுலயோ எழுதி சிரிப்பு காட்டாதீங்க. 1999ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல ஏலியன்கள் பேசுன விதம் உண்மையான மனுசங்களோட உச்சரிப்ப கேலி பண்ற மாதிரி இருக்குன்னு பெரிய விமர்சனம் வந்துச்சு. நாடகத்துல வேலைக்காரின்னா எங்க பேச்சு பேச வெக்கிறத பாத்து வளந்தவ நான், அது எப்படி குத்தும்னு தெரியும்.

படி 5: சாமி

ஏலியன் மதம்னா ஒரு கடவுள், ஒரு கோயில், எல்லாரும் ஒரே மாதிரி முழங்கால் போடுவாங்க, இதான் வழக்கமா வர்றது. நம்ம மலைய பாருங்க. சிவனொளிபாத மலை, 2,243 மீட்டர், உச்சில ஒரு பாதம். பௌத்தங்களுக்கு புத்தரோட பாதம், நமக்கு சிவனோடது, முஸ்லிம்களும் கிறிஸ்தவங்கள்ல பல பேரும் ஆதாமோடதுன்னு சொல்றாங்க. மார்கழில இருந்து வைகாசி வரைக்கும் சீசன், மஸ்கெலியா பக்கம் ராத்திரில பாத்தா படி வரிசைக்கு லைட் ஏறிப் போறது தெரியும், அந்த வரிசைல எல்லாரும் ஒரே படிலதான் மூச்சு வாங்குறாங்க. 1956ல இருந்து சாகுற வரைக்கும் இலங்கைலயே இருந்த சயன்ஸ் ஃபிக்ஷன் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இந்த மலைய மனசுல வெச்சுத்தான் 1979 நாவல்ல விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுனார், அதுக்காக தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திட்டார்.

புதுசா வர்ற சாமிங்களையும் மறந்துராதீங்க. தேயிலை ஃபேக்டரில ரோதை முனிக்கு கும்பிடுற வழக்கம் நம்மகிட்ட உண்டு. ரோதைன்னா சக்கரம். வெள்ளக்காரன் மெஷின் வந்துச்சு, கையக் கால வாங்குச்சு, அதுக்குள்ள ஒரு முனி வந்து ஒக்காந்துட்டார். டெக்னாலஜி வந்தா சாமி போயிரும்னு எழுதுறவங்களுக்கு இதவிட நல்ல பதில் எனக்கு தெரியல. உங்க விண்கலத்து இன்ஜின் ரூம்ல யாரு இருக்கா?

படி 6: உள்ளுக்குள்ள சண்டை வையுங்க

மத்த எதையும் செய்ய நேரமில்லன்னா இத மட்டும் செய்யுங்க. மாசி மாசம் நம்ம தோட்டங்கள்ல காமன் கூத்து ஆடுவாங்க, சிவன் மன்மதன எரிக்கிற கதை. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணில இதே கதைக்கு எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு ரெண்டு கட்சி உண்டு, காமன் எரிஞ்சானா இல்லையான்னு விடிய விடிய பாட்டுலயே வாதாடுவாங்க. ஒரே சாமி, ஒரே கதை, ரெண்டு கட்சி. பண்பாடுன்னா ஒத்துமையா நம்புறதுன்னு நெனச்சா தப்பு, எதப் பத்தி சண்டை போடுறது பெறுமதின்னு ஒத்துக்கிட்டவங்க கூட்டம் அது.

தெனகிங்களுக்கு நான் வெச்ச சண்டை இது. இருட்டுக்குள்ள போய் திரும்பி வர்ற ஆள் அதே ஆளா, இல்ல போனவன் செத்து புதுசா ஒருத்தன் வந்திருக்கானா? புது ஆள்னா பழைய கடன் ரத்து, கல்யாணமும் ரத்து. அதே ஆள்னா கடன் நிக்குது. இப்ப கடன் குடுக்குறவங்க எல்லாம் எந்தக் கட்சில இருப்பாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா கடனே வாங்காத ஒரு கிழவி, புருசன் மேல உள்ள ஆசைல அதே ஆள் கட்சில இருக்கணும். நம்பிக்கையும் வயித்துப் பாடும் ஒரே கோட்டுல போகாத ஆள் ஒருத்தராவது வேணும்.

மேல சொன்ன ஃபெரெங்கிங்களுக்கு உசுரு வந்ததும் இப்படித்தான். 1996ல ஒரு எபிசோட்ல, பார்ல வேலை செய்ற ரோம்ங்கிற ஃபெரெங்கி, சொந்த அண்ணனே முதலாளி, அவருக்கு எதிரா யூனியன் அமைச்சு ஸ்ட்ரைக் பண்ணுவார், அவங்க சட்டத்துல யூனியனே குத்தம். சம்பளத்துல யூனியன் சந்தா புடிக்கிற வீட்ல வளந்தவங்களுக்கு அந்த எபிசோட் வேற மாதிரி புரியும், யூனியன் வந்ததுக்கு அப்புறம் யூனியனுக்குள்ள வர்ற சண்டையும் சேத்து.

படி 7: நம்ம கதைக்கு பச்சை பெயின்ட் அடிக்காதீங்க

நம்மள்ல எழுதுறவங்களுக்கு வர்ற பெரிய ஆசை இது: நம்ம கஷ்டத்த எடுத்து ஏலியனுக்கு அப்படியே மாட்டுறது. நாலு கையுள்ள தொழிலாளி, லயம் மாதிரி குடிசை, வெள்ளக்காரத் துரை. அப்படி எழுதுனா நாமளே நம்மள போட்டோவாக்கிருவோம். உடுப்ப விட்டுட்டு உள்ள இருக்கிற யந்திரத்த எடுங்க. 1948ல இலங்கைல நம்ம மலையக ஆளுங்களோட குடியுரிமைய பறிச்சாங்க, 1964ல இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுப் பிரதமருங்க ஒக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர பொறகு பாப்போம்னு பிரிச்சாங்க. அந்த மேசைல இல்லாதது யாரு? பிரிக்கப்பட்ட ஆளுங்க. இந்த யந்திரத்த நீங்க கடலுக்கு அடில இருக்கிற இனத்துக்கு வெக்கலாம், தேயிலையே தேவையில்ல.

எச்.ஜி. வெல்ஸ் 1898ல செவ்வாய்க் கிரகத்துக்காரங்க படையெடுப்ப எழுதுனப்ப, முதல் அத்தியாயத்துலயே டாஸ்மேனியா மக்களுக்கு ஐரோப்பியங்க செஞ்சத ஞாபகப்படுத்துறார், அந்த யந்திரத்த லண்டன் மேல திருப்பிட்டார். ஆனா அந்த மக்கள் முழுசா அழிஞ்சுட்டாங்கன்னும் எழுதிட்டார், அவங்க வாரிசுங்க இன்னைக்கும் இருக்காங்க. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே ஒரு வரில தவறுது, அதுனால நாம ரெண்டு தடவ பாத்துக்குவோம்.

படி 8: திருத்துறது

என் பழைய டிராஃப்ட்ல இருந்தது இது:

"தெனகிகள் அமைதியான, உழைப்பாளி இனம். அவை இருளுக்கு அஞ்சின. அவை பனியை வணங்கின."

இப்ப இருக்கிறது:

"அனெக்கி ரம்பத்த கீழ வெச்சா. தட்டு இன்னும் கேக்கல, ஆனா நேரமாச்சுன்னு கை சொல்லிருச்சு. 'இந்தக் கட்டி ஊருக்கு வேணாம்'னா, 'இதுல எங்க அண்ணன் இருக்கான்.' கெனிட் பதில் சொல்லல. அவன் அதே ஆள் கட்சி, அவ அண்ணன் ஒரு நாள் திரும்பி வந்து தர வேண்டியத தருவான்னு கணக்க அழிக்காம வெச்சிருக்கிறவன். குனிஞ்சு கட்டியோட மறுபக்கத்த புடிச்சுத் தூக்குனான்."

உங்க டிராஃப்ட்ட பிரின்ட் எடுத்து பென்சிலோட உக்காருங்க. "இனம்"னு ஆரம்பிச்சு ஒரு குணத்துல முடியிற வரி ஒவ்வொண்ணுக்கும் வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்குள்ள பேர் சொல்லி ஒரு ஆள், கையில ஒரு சாமானோட நிக்கிற வரைக்கும் அடுத்த பக்கத்துக்கு போகாதீங்க.